கவனிப்பு நோட்டு

— சத்தியம்னா சத்தியம்மா. இதோ, சாக்பீஸைக் கையில வச்சுச் சொல்றேன். நான் சொல்லப் போறதுல ஒரு சொல் பொய்யா இருந்தா நாளைக்கே எனக்குப் பெருக்கல் மறந்து போகட்டும்.

— முதல்ல சாக்பீஸைக் கீழே வைங்க சார். தலைமையாசிரியை மேஜைன்னு ஒரு மரியாதை வேண்டாமா, எல்லாம் தூள்.

— உங்களுக்கே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த கை இது. அந்த உரிமையில கேக்கறேன். புது டைம்டேபிள்ல அந்தத் தோட்டத்துப் பீரியடைத் தூக்கிட்டுக் கணக்கைப் போடுங்க. இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடுங்க.

— காரணம்?

— எறும்பு.

— எறும்பா?

— அறிவியல் டீச்சர் வந்து மூணு மாசம்தான் ஆகுது. தோட்டத்துல ஆளுக்கொரு உயிரைப் பிடிச்சுக்கோங்கன்னுட்டாங்க. கையால இல்லை, கண்ணால. ஒருத்திக்கு அணில், ஒருத்தனுக்கு நத்தை. அது எப்ப வருது, எங்க போகுதுன்னு தினமும் நோட்டுல எழுதணும். இதுல எறும்புங்களுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு. நான் போர்டுல பதினேழை மூணால வகுத்துக்கிட்டிருக்கேன். மீதியை எழுதறதுக்குள்ள அதுங்க சுவரேறி வந்து, ரெண்டு மாதிரி வளைஞ்சு நின்னுச்சு.

— மீதி ரெண்டுதானே சார்.

— விடை சரிதான். அது வேற விஷயம். வாத்தியார் யாருங்கறதுதான் கேள்வி.

— அப்புறம்?

— அணில். என் டஸ்டரைத் தூக்கிட்டுப் போய்க் கூட்டுல மெத்தையாப் போட்டுக்கிச்சு. கேட்டதுக்கு மேலேயிருந்து ஒரு பார்வை பார்த்துச்சு பாருங்க, கல்வி அதிகாரிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

— டஸ்டர் உங்க சட்டைப் பையிலதான் துருத்திக்கிட்டிருக்கு.

— இது ரெண்டாவது டஸ்டர்.

— விஷயத்துக்கு வாங்க சார். அந்த டீச்சர் மேல உங்களுக்கு என்ன கோபம்?

— எனக்கா? தங்கமான பொண்ணு. முழங்கால் வரைக்கும் மண்ணோட ஸ்டாஃப் ரூமுக்கு வந்து என் நாற்காலியில உக்காரும், அவ்வளவுதான். அந்தத் தோட்டத்துப் பக்கம் நான் தலை வச்சுக்கூடப் படுத்ததில்லை, எனக்கெதுக்குக் கோபம்? ஆனா இதைக் கேளுங்க. போன வாரம் செடித்தொட்டிச் சுவர்ல ஒரு நத்தை ஏறுது. முக்கால் அடி ஏற நாப்பது நிமிஷம். பிள்ளைங்க மூச்சு விடாம பார்க்கறாங்க. உச்சிக்குப் போனதும் கை தட்டறாங்கம்மா. அதே நாப்பது நிமிஷத்துல நான் ஏழு கணக்கு முடிக்கறேன். முப்பத்தோரு வருஷத்துல எனக்கு ஒருத்தர் கை தட்டினதில்லை.

— பார்க்காமலே இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க.

— காத்துவாக்குல வந்ததுதான்.

— முன்னெல்லாம் இடைவேளை மணி அடிச்சா உங்க மேஜையைச் சுத்தி ஒரு கூட்டம் நிக்கும். நானும் நின்னிருக்கேன். புலி உங்ககிட்ட வந்து பின்னம் கத்துக்கிட்டுப் போன கதைக்கு.

— கதையில்லைம்மா, நடந்தது. இப்ப மணி அடிச்சா நானும் என் டிபன் பாக்ஸும்தான். நேத்து ஒரு வாண்டைக் கூப்பிட்டு, புலி விஷயம் சொல்லட்டுமான்னு கேட்டேன். ‘இல்ல சார், எறும்பார் காத்துக்கிட்டிருப்பார்’னு ஓடுது.

— எந்த உயிரையும் ‘அவர்’னுதான் சொல்லணும்னு அந்த டீச்சர் வச்சிருக்காங்க.

— அதைத்தான் சொல்றேன். எறும்பு ‘அவர்’. நான் வராண்டாவுல நடந்தா ‘டேய், கணக்கு வருது’.

— சரி. கையெழுத்துக்கு முன்னாடி ஒரு கவனிப்பு நோட்டைப் படிக்கறேன், கேளுங்க. உங்க முதல் பெஞ்சு ரெட்டைச் சடையோடது. கண்ணால பார்த்ததை மட்டும்தான் எழுதணும்கறது டீச்சரோட விதி. ‘அவர் தினமும் பதினொன்றரை மணிக்கு வருவார். மரத்துக்குப் பின்னாலேயே நிற்பார்.’

— ஓணான். சந்தேகமே வேண்டாம்.

— ‘நாங்கள் திரும்பிப் பார்த்தால் சட்டென்று குனிந்துகொள்வார். கூச்ச சுபாவம்.’

— ஓணானுக்குக் கூச்சமாம். பார்த்தீங்களா, பிள்ளைங்க கெட்டுப் போறதை?

— ‘அவருக்குக் கூட்டம் கிடையாது. தனியாகத்தான் வருவார். கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அவராக வரும்வரை பொறுமையாக இரு என்று டீச்சர் சொன்னார்கள்.’

— பாவம். என்ன ஜந்துதான் அது? பேரு போட்டிருக்காளா?

— கடைசி வரியில இருக்கு. ‘நத்தையார் உச்சியைத் தொட்டபோது எல்லோருக்கும் முன்னால் கை தட்டியவர், எங்கள் கணக்கு சார்.’