வண்டி மேலதான் இருக்கேன்

— மெதுவாப் பேசும்மா, ஒண்ணுமே புரியல. யாரு உன்னை விட மாட்டேங்கறா?

— நம்ம கரடி நாய்தாங்க! வண்டியை விட்டு இறங்க விட மாட்டேங்குது. காலைக் கீழ கொண்டு போனாலே பல்லைக் காட்டிக்கிட்டு ஓடி வருது. எனக்குப் பயமா இருக்குங்க.

— எந்த வண்டி?

— நம்ம வீட்டுல என்ன பத்து வண்டியா நிக்குது? உங்க புது மோட்டார் சைக்கிள்தான். போர்ட்டிகோவுல அதுமேல உக்காந்திருக்கேன்.

— அதுல நீ எதுக்கு ஏறின? சீட்டுல கீறல் விழுந்தா...

— கடவுளே, நான் உயிர் போகுதுன்னு கத்தறேன், இந்த மனுஷன் சீட்டுக்குக் கீறல் விழும்ங்கறாரு! உங்க ஆபீஸ் வாட்ச்மேன் வரைக்கும் அதுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாச்சு. கட்டின பொண்டாட்டி ஒரு நிமிஷம் ஏறி உக்காந்து பாத்தா தப்பா?

— சரி சரி, கோவிச்சுக்காத. என்ன நடந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லு.

— காலு வலின்னு நீங்க ஒரு வாரமா வண்டியைக் கழுவல. சேறும் சகதியுமா நின்னுச்சு. நீங்க வரும்போது பளபளன்னு இருந்தா சந்தோஷப்படுவீங்களேன்னு, படியில நின்னுக்கிட்டே தண்ணியைப் பீச்சி அடிச்சேன். தண்ணி ஓடற வழியில எலைகுப்பை அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு, நான் கவனிக்கல. செருப்பு நனையக் கூடாதுன்னு படியிலேயே கழட்டிப் போட்டுட்டு, ஒரே எட்டுல வண்டி மேல ஏறிட்டேன், கண்ணாடியைத் துடைக்கலாம்னு. அப்புறம்... சும்மா ஹேண்டில் பாரைப் பிடிச்சுப் பாத்தேன். நல்லாதாங்க இருந்துச்சு. வாயாலேயே டுர்ருன்னு ஓட்டிக்கிட்டு இருந்தேன்னா பாத்துக்கோங்களேன். அதுக்குள்ள தண்ணி குளமாட்டம் சேந்துடுச்சு.

— அப்ப கரடி வந்துச்சா?

— முதல்ல முக்காலி வந்துச்சு. திடீர்னு ஒரு கத்து கத்திச்சு பாருங்க! திரும்பிப் பாக்கறேன், முக்காலி மூணு காலையும் வாரிக்கிட்டு ஓடுது, பின்னாடி கரடி நிக்குது. நொண்டி நாயைப் போய்க் கடிச்சிருக்குங்க அது! முக்காலியும் நம்ம சீமாட்டி நாயும் பெஞ்சு மேல ஏறி ஒண்டிக்கிட்டு நடுங்குதுங்க. நான் சமாதானம் பண்ணலாம்னு காலை இறக்கினேன். அவ்வளவுதான், என் மேல பாய வந்துடுச்சு.

— நான் சொன்னப்ப யாரு கேட்டா? போன வாரம் சும்மா இருந்த என்னைக் கெண்டைக்கால்ல கவ்வி சதையை எடுத்துச்சு. நீதான் பெரிய வக்கீலு மாதிரி, அதுக்குப் பாவம் அடிபட்ட பயம், பழகிடும், பழகிடும்னே.

— சொன்னேன்தான். எந்த மகராசன் அதைக் கட்டிப் போட்டு அடிச்சானோன்னு நெனச்சேன். இப்ப சொல்றேன், நீங்க சொன்னதுதான் சரி. சாயங்காலம் நாய்க் காப்பகத்துக்காரங்க வந்தா கூட்டிக்கிட்டுப் போகட்டும். நான் அழ மாட்டேன். இப்ப என்னை இறக்கி விடுங்க.

— நான் ஒம்பதாவது மாடியில லிஃப்டைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு நிக்கறேன். இங்கேர்ந்து எப்படி இறக்கறது? அங்க என்ன அது உர்ருன்னு சத்தம், கரடியா?

— அது வண்டி கழுவ நீங்க வாங்கின, தண்ணி பீச்சற மோட்டாரு. அதை நிறுத்தாமதான் ஏறிட்டேன்.

— சரி, அது கிடக்கட்டும். இப்ப பதறாத. நாய்க்கு நம்ம பயம் தெரியும். பயந்தா இன்னும் மேல ஏறி வரும். கரடி கண்ணைப் பாக்காம, வேற எங்கேயோ பாக்கற மாதிரி, மெதுவா வலது காலை இறக்கு.

— முடியாதுங்க.

— முடியும். நான் லைன்லதான் இருக்கேன். மெதுவா.

— ...இறக்கறேன். கரடி, போ, அந்தாண்ட போ. நல்ல பிள்ளையில்ல... ஐயோ! ஐயோ ஐயோ!

— என்ன? கடிச்சிடுச்சா?

— இல்ல. காலை எடுத்துட்டேன். கேட்டீங்களா எப்படிக் குலைக்குதுன்னு? தொண்டை கிழிஞ்சிடும் போல. எனக்குக் கையெல்லாம் வேர்த்து போன் வழுக்குது. 

— பயப்படாத. கையில ஏதாவது இருக்கா, தூக்கிப் போட?

— துடைக்கற துணி இருக்கு. துணியால நாயை அடிக்கவா?

— தண்ணி பீச்சற துப்பாக்கி?

— அது கீழ தண்ணியில கிடக்கு. குனிஞ்சா எட்டும்னு நெனைக்கறேன்.

— அப்ப அதை எடுத்து மூஞ்சியில அடி. ஓடிடும்.

— குனிஞ்சா என் கையைக் கவ்வும்ங்க! அதுக்குத்தானே பாத்துக்கிட்டு நிக்குது. நீங்க கிளம்பி வாங்களேன்.

— பஸ்ல வந்தா ஒரு மணி நேரம் ஆகும். வண்டியையும் வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன், உன் கரடி புண்ணியத்துல. நான் சொல்றதைக் கேளு. அது எவ்வளவு தூரத்துல நிக்குது?

— படிக்குப் பக்கத்துல, காஞ்ச தரையில. அங்கேயும் இங்கேயும் ஓடுது. ஆனா கிட்ட வரல.

— கிட்ட வரலைன்னா அது வெத்து மிரட்டல்தான். சட்டுனு ரெண்டு காலையும் கீழ வச்சு, ஒரே ஓட்டமா உள்ள போயிடு. ஹால் கதவு திறந்துதானே இருக்கு?

— திறந்துதான் இருக்கு. சட்டுனு குதிச்சிடவா?

— குதிச்சிடு. நான் சொல்றேன்ல, ஒண்ணும் ஆகாது.

— இருங்க, ரெண்டு காலையும் ஒரு பக்கம் போட்டுக்கறேன். ஒரு நாளாவது சோறு போடாம விட்டிருக்கேனா, இப்படி ஒரு துரோகம் பண்ணுமா ஒரு ஜீவன்... பாருங்க, மறுபடி வருது. தண்ணி ஓரத்துல முன்காலை வைக்குது, வெடுக்குன்னு எடுத்துக்குது. வைக்குது, எடுத்துக்குது. சூடு பட்ட மாதிரி. இதுக்குத் தண்ணின்னா அவ்வளவு அருவருப்பாங்க? சரி, நான் குதிக்கறேன். ஒண்ணு, ரெண்டு...

— இரு!

— என்னங்க?

— காலை மேல தூக்கு. தூக்கிட்டியா?

— தூக்கிட்டேன். ஏன் இப்படிக் கத்தறீங்க?

— முக்காலி கத்துச்சுன்னியே, எங்க நின்னு கத்துச்சு?

— தண்ணியிலதான். அதுக்குத் தண்ணியைக் கண்டா புரளணுமே. துள்ளிக்கிட்டு வந்து காலை வச்சதும்...

— வச்சதும் கத்துச்சா? கரடி அதைக் கடிச்சதை நீ கண்ணால பாத்தியா?

— பாக்கல. அது தள்ளி, படியிலதான் நின்னுச்சு.

— மோட்டாரோட வயரு எங்க கிடக்கு? நான் கறுப்பு டேப் சுத்தி வச்சிருந்தேனே, அந்த இடம்?

— தேடறேன், இருங்க... நுரையா இருக்கு. ஆங், அதோ. தண்ணிக்குள்ளதான் கிடக்கு. டேப்பு பிரிஞ்சு நாக்கு மாதிரி மிதக்குது. என்னங்க? அது எதுக்கு இப்ப?

— தண்ணியில கரண்டு இருக்கும்மா.

— என்னது?

— அசையாத. ரப்பர் பிடியையும் சீட்டையும் தவிர எதையும் தொடாத. பக்கத்துச் செவுரு, கம்பி, குழாய், எதையும் தொடாத. துப்பாக்கிய எடுக்கறேன்னு குனிஞ்சிடாத.

— நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க! குதின்னும் சொன்னீங்களே!

— சொன்னேன். ஐயோ, சொன்னேனே. அழாத, போனை நனைச்சிடாத.

— இப்படி ஏதாவது ஆனா தானா கரண்டு நின்னுடும்னு மாட்டினீங்களே ஒரு ஸ்விட்சு, அது எங்க போச்சு?

— வண்டி கழுவும்போதெல்லாம் அது தானா விழுந்து கரண்டை நிறுத்தி நிறுத்தி உயிரை எடுத்துச்சு. போன வாரம் அதைத் தாண்டி நேரா இணைப்புக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை சரி பண்ணிக்கலாம்னு...

— ஊர்ல இருக்கற லிஃப்டுக்கெல்லாம் ஆபத்தில்லைன்னு கையெழுத்துப் போடற மனுஷன்! எந்த ஞாயித்துக்கிழமைங்க? என் பதினாறாம் நாளு முடிஞ்சு வர ஞாயித்துக்கிழமையா?

— வாயைக் கழுவு! திட்டறதை அப்புறம் திட்டு, கையைக் கட்டிக்கிட்டுக் கேக்கறேன். இப்ப மாடி வீட்டு அக்காவைக் கூப்பிடு. மீட்டர்ப் பெட்டி மாடிப்படி திரும்பற இடத்துல, செவுத்துல இருக்கு. அங்கேயே நின்னு மெயினை இறக்கணும். கீழ வரவே கூடாது.

— அக்கா! மாடி அக்கா! கொஞ்சம் வாங்களேன்! அக்கா!

— ஏம்மா, என்ன இந்தக் கூப்பாடு? மத்தியானம் கண்ணை மூட விட மாட்டேங்குதே உன் நாய்க் கூட்டம்! அட, நீ வண்டி மேல என்ன பண்றே? அழறியா? இரு இரு, இதோ வரேன்.

— வராதீங்க அக்கா! கீழ இறங்காதீங்க!

— என்ன ஆச்சுன்னு பாக்க வேணாமா? ஐயையோ, இது ஏன் என்னைப் பாத்து சீறுது? படியை மறிச்சுக்கிட்டு நிக்குதே! ஏய், போ! நான் அப்பவே சொன்னேன், இந்தக் கறுப்பு நாய் ஆளைக் கடிக்கற நாய்னு. ஒரு கம்பு இருந்தா...

— அடிக்காதீங்க அக்கா, உங்க காலைப் பிடிச்சுக்கறேன்! தண்ணியில கரண்டு இருக்கு! அது உங்களைத் தடுக்குதுக்கா, காப்பாத்துது!

— கரண்டா? அம்மாடி! நான் வெறுங்கால்ல வந்துட்டேனே. இன்னும் ரெண்டே படிதான் பாக்கி.

— திரும்பி மேல ஏறுங்க. படி திரும்பற இடத்துல மெயின் ஸ்விட்சு இருக்கு, அதை இறக்குங்க. ஏங்க, அக்கா போறாங்க. நீங்க இருக்கீங்களா?

— இருக்கேன், இருக்கேன். செகப்புப் பிடின்னு சொல்லு. கை ஈரமா இருந்தா துடைச்சுக்கச் சொல்லு.

— செகப்புப் பிடி அக்கா! கையை நல்லாத் துடைச்சுக்கோங்க!

— துடைச்சாச்சும்மா, துடைச்சாச்சு.  இதுதானே? இறக்கறேன்... இறக்கிட்டேன்.

— நின்னுடுச்சுங்க! மோட்டார் நின்னுடுச்சு!

— உடனே இறங்காத. வீட்டுக்குள்ள ஃபேன் நின்னுடுச்சா பாரு.

— ஜன்னல் வழியாத் தெரியுது. நின்னுடுச்சு.

— பிடி முழுசா கீழ இருக்கான்னு அக்காவை இன்னொரு தடவை பாக்கச் சொல்லு.

— கீழதாம்மா இருக்கு. அதைக் கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்கறேன், போதுமா? நீ இறங்கு.

— எனக்கு இறங்கவே பயமா இருக்குங்க. எப்படிக் காலை வைக்கறது? கரடி, நீ சொல்லுடா, வைக்கட்டுமா? ...ஏங்க, அது குலைக்கறதை நிறுத்திடுச்சு. தண்ணியை மோந்து பாக்குது. காலை வச்சுப் பாக்குது. எடுக்கல. இறங்கி நடந்து வருதுங்க, என்கிட்ட. வாலைக் கூட ஆட்டுது.

— இப்ப இறங்கு.

— இறங்கிட்டேன். ஒண்ணும் ஆகல. இதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன், நான் நடுங்கறேனா இது நடுங்குதான்னே தெரியல. இதை எங்கேயும் அனுப்ப மாட்டேன். காப்பகத்துக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடுங்க. சொல்லுவீங்களா? ஏங்க? எல்லாம் முடிஞ்சு போச்சே, இப்ப ஏன் நீங்க அழறீங்க?

— அன்னிக்கு அது என்னைக் கடிச்சுதே...

— ஆமா. சும்மா இருந்தவரைக் கடிச்சுதுன்னு சொன்னீங்க.

— சும்மா இல்லம்மா. மோட்டாரைப் போட்டுட்டு, வெறுங்காலோட அந்தத் தண்ணியில இறங்கப் போனேன்.