காசுக்குத்தான்

ஆமா, காசுக்குத்தான் செய்றேன். அதுல என்ன இப்போ? நீ மட்டும் மீன் ஃபேக்டரில புண்ணியத்துக்கா நிக்கிற, லீயான்? நானும் அதே பெல்ட்டுல நின்னவதான். முள்ளெடுத்து முள்ளெடுத்து விரலே மரத்துப் போச்சு. அப்ப எவளாவது வந்து, டெனீஸ், உனக்கு மீன் மேல பாசம் இருக்கான்னு கேட்டாளா? அடுத்தவங்க பிள்ளைய வச்சு வளர்க்குறேன்னு சொன்னா மட்டும் ஊரே வந்து நெஞ்சத் திறந்து காட்டச் சொல்லுது.

உக்காரு. நாய் ஒண்ணும் பண்ணாது. அதுக்கும், பிள்ளைய நம்மகிட்ட விட்டுச் சம்பளம் குடுக்குற கவுன்சில்ல இருந்து ஒருத்தர் வந்து பரிட்சை வச்சுத்தான் பாஸ் போட்டாங்க. சிரிக்காத, நெசமாத்தான். தின்னுக்கிட்டிருக்கும்போதே தட்டப் பிடுங்கிப் பாத்தாரு. பேசாம நின்னுச்சு. எங்க பேரிகிட்ட பிடுங்கியிருந்தா கடிச்சே இருப்பான். கட்டுன புருஷன்னு பாக்குறேன், இல்லன்னா அவனத்தான் ஃபெயிலாக்கச் சொல்லியிருப்பேன்.

டீல பால் போதுமா?

நீயும் இதுக்கு வரப்போற, ஆனா வேலைன்னு சொல்ல உனக்குக் கூச்சமா இருக்குல்ல? சொல்லிப் பழகு. சர்ச்சுல ஒரு அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு நீ ஒரு தேவதைன்னா. தேவதைக்குக் கரண்ட் பில் வராதுங்க, எனக்கு வருதுன்னேன். கைய விட்டுட்டா.

இல்ல, கஷ்டம் இல்லன்னு நான் சொல்லவே இல்லையே. கத்துக்கணும்ங்கறேன். பாசமா இருக்கேன்னு வர்றவங்க மொத நாளே ஒரு தப்புப் பண்ணுவாங்க. பிள்ளை ஒரு ஸ்வெட்டரோட வரும், கிட்ட போக முடியாது, அப்படி நாறும். ஐயோ பாவம்னு கழட்டி மெஷின்ல போட்டுடுவாங்க. போச்சு. அந்த நாத்தம்தான்டி அதோட வீடு! அதுகிட்ட மிச்சம் இருந்ததே அது ஒண்ணுதான். துவைக்கவே கூடாது. அதே மாதிரி தலகாணிக்கடியில ரொட்டிய ஒளிச்சு வச்சா திட்டக் கூடாது, பிஸ்கட் டப்பாவத் தூக்கி அது ரூம்லயே வச்சுடணும். இதெல்லாம் பாசத்துல வராது. வேலையா நெனச்சாத்தான் வரும்.

என்ன, கப்பையே சுத்திக்கிட்டிருக்க? கேக்க வந்தத நேராக் கேளு.

ஓ. பெத்தனி விஷயமா. யாரு, பாலின் சொன்னாளா? என் நாத்தனாருக்கு வேற பொழப்பு கிடையாது.

சரி, நானே சொல்றேன். பெத்தனி வந்தப்ப அஞ்சு வயசு. இப்போ பதினொண்ணு, ஸ்கூல்ல இருந்து வந்துடுவா. போன மாசம் கவுன்சில் பொண்ணு கெர்ஸ்டி வந்தா. கோர்ட்டுல கையெழுத்துப் போட்டு இவள உங்க பொறுப்புலயே எடுத்துக்கங்க, அப்புறம் நாங்க தலையிட மாட்டோம்னா. இப்ப அவளுக்கு முடி வெட்டணும்னாக்கூட அங்க கேக்கணும். அந்தத் தொல்லையெல்லாம் போயிடும். என்ன, சம்பளம் நின்னுடும்னா. நான் ஒரு வாரம் யோசிச்சுட்டு முடியாதுன்னுட்டேன்.

அவ்ளோதான், பத்திக்கிச்சு. ஞாயித்துக்கிழமை எங்க மேசையில உக்காந்து, நான் அடுப்படியில வெந்து செஞ்ச ரோஸ்ட் கறி மேல கிரேவிய ஊத்திக்கிட்டே பாலின் சொல்றா, காசு நிக்கும்னதும் பிள்ளை கசந்து போச்சு பாருன்னு. பேரி உருளைக்கிழங்க நசுக்கிக்கிட்டே இருக்கான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆமா பாலின், காசுதான், இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோன்னேன்.

ஆமா, பயம்தான். இல்லாம இருக்குமா? நான் போடலன்னா கையெழுத்துப் போடுற வேற வீடு பாப்போம்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமை கவுன்சில்ல மீட்டிங். போவேன். கதவுல தொங்குதே பச்சைக் கோட்டு, அதையே போட்டுக்கிட்டுப் போவேன். பதினெட்டு வயசு வரைக்கும் இவ எங்கிட்டதான் இருப்பா, நீங்க எனக்குச் சம்பளம் குடுப்பீங்க, அப்படி எழுதிக் குடுங்கன்னு கேப்பேன். தரலன்னா நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன். தூக்கிட்டுப் போகட்டும், என் வெயிட்டுக்கு நாலு பேரு வேணும்.

காரணத்தச் சொல்லிடலாமேவா? நீயும் கெர்ஸ்டி மாதிரியே பேசுற. அந்தப் பிள்ளை எங்கிட்ட சொன்னத ஒரு மேசை நெறைய ஆளுங்க முன்னாடி வைக்கணுமா? உடனே டாக்டர்கிட்ட காட்டணும்பாங்க, மனசுல கோளாறும்பாங்க, எழுதி வச்சுக்குவாங்க. பெரியவளாகுற வரைக்கும் அது அவ பின்னாடியே வரும். அதுக்குப் பதிலா என்னக் காசுப் பேய்னு எழுதிக்கட்டும். எனக்கு என்ன போச்சு? பாலின் எழுதட்டும், நீயும் எழுது.

பேரிக்கே தெரியாது. நீ இந்த வேலைக்கு வரப்போற, அதனால சொல்றேன். வெளிய போச்சுன்னா உன்ன சும்மா விடமாட்டேன்.

நான் கையெழுத்துப் போடுறதாத்தான் இருந்தேன். சம்பளமாவது மண்ணாவதுன்னு முடிவே பண்ணிட்டேன். அவகிட்ட சொல்லப் போனேன். பல்லு வெளக்கிட்டிருந்தா. கண்ணு, இனிமே உன்னப் பாத்துக்க யாரும் எனக்குக் காசு தரமாட்டாங்க, நான் சும்மாவே உனக்கு அம்மான்னேன். குதிப்பான்னு நெனச்சேன். வாய் நெறைய நுரையோட அப்படியே என்னப் பாத்தா. துப்பிட்டு, வேணாம் டெனீஸ்னா. எங்கம்மா சும்மாத்தான் என்னப் பாத்துக்கிட்டா, அவளுக்கு யாரும் காசு குடுக்கல, அவ போயிட்டா. உனக்குக் குடுக்குறாங்க, நீ இருக்க. வேலைய மட்டும் விட்டுடாதன்னா.

விடமாட்டேன்னு சொல்லிட்டேன்.