அஞ்சு நாள் மாத்திரை

— பட்டப்பகல்ல எதுக்குடா ஷட்டரைப் பாதி இறக்குற?

— யாராவது இருமல் மருந்து கேட்டு வந்து நிப்பாங்க, பேச முடியாது. உக்காருக்கா. நம்ம அணில் பாப்பா எங்க?

— வார்டுல, அவங்கப்பா மடியில. கால்ல போர்வை பட்டாலே அலறுறா. ஆறு வயசுப் பிள்ளைக்கு என்னடா அப்படி ஒரு வலி?

— டாக்டரம்மா என்ன சொன்னாங்க? ஒண்ணு விடாம சொல்லு.

— எக்ஸ்ரேயில எலும்பு உடையலையாம். முட்டியில வீக்கம் கடுகளவு, வலி மட்டும் மலையளவு, அதான் இடிக்குதுன்னாங்க. தூக்கத்துல எழுந்து அழுவாளான்னு கேட்டாங்க. முதுகெல்லாம் நீலம் நீலமா இருக்கறதைப் பார்த்தாங்க. நாளைக்கு இடுப்பெலும்புல ஊசி குத்தி மஜ்ஜை எடுக்கணுமாம். மூட்டு வலிக்கு மஜ்ஜை எதுக்குடா?

— ரத்தப் புற்றான்னு பார்க்க.

— வாயைக் கழுவுடா!

— கழுவினா போயிடுமா? பிள்ளைங்களுக்குச் சில சமயம் அது கால் வலியாத்தான் ஆரம்பிக்கும். பதினாலு வருஷமா மருந்துக்கடையில குந்தியிருக்கேன், எனக்குத் தோணல. அவ ஸ்கூலுக்கு டிமிக்கி குடுக்கறாள்னு நானும்தான் சிரிச்சேன்.

— நீ குடுத்த மாத்திரைதான்டா அவளை எழுப்பி விட்டுச்சு. மூணாம் நாளே கயிறு தாண்டினா.

— அதான்கா பயமா இருக்கு. அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாம நான் குடுத்திருக்கவே கூடாது. இந்த நோய்ல அது வலியை அமுக்கும், கெட்ட செல்லையும் கொஞ்சம் கொல்லும். சோதனை பண்ணா சரியாப் பிடிபடாது. திருடனை உள்ள வெச்சுக் கதவைப் பூட்டின கதை. வெளியில எதாவது மாத்திரை குடுத்தீங்களான்னு கேட்டாங்களா?

— மூணு தரம் கேட்டாங்க.

— நீ என்ன சொன்ன?

— ஒண்ணுமே குடுக்கலன்னேன். கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுப்பேனா? கடைக்கு சீல் வெச்சா உன் பொண்டாட்டி பிள்ளை நடுத்தெருவுல நிக்கும்.

— நிக்கட்டும். எழுந்திரு, நானே வந்து சொல்றேன். அஞ்சு நாள், பத்து மாத்திரை. அதுவும் மூணு மாசம் முன்னாடி. இந்நேரம் உடம்பை விட்டே போயிருக்கும். உண்மையைச் சொல்லிட்டா அவங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். பயப்படாத, இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. வாக்கா... ஏன் மறுபடி உக்காந்துட்ட?

— இருடா.

— என்ன?

— நீ அஞ்சு நாளோட நிறுத்தச் சொன்ன. ஆறாம் நாள் விடிய விடியக் கத்தினா. உன்கிட்ட கேட்டா திட்டுவ.

— அதனால?

— வெறும் மாத்திரை அட்டையை எடுத்துட்டு பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடைக்குப் போனேன்.

— எத்தனை தரம்கா? அக்கா, என்னைப் பாரு. எத்தனை தரம்?

— இன்னைக்குக் காலையில கூட, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பினப்போ, பால்ல நாலு கரைச்சுக் குடுத்தேன்டா.