தொடர்புக்கு: படம்

— மைக்கைத் துணியில சுத்தி வச்சுட்டேன். வயரையெல்லாம் அந்தப் பெட்டியில போடுடா. பக்கத்துக் கடைக்காரர் சாயங்காலம் வந்து இந்த ரெக்கார்டிங் ரூம் சாவியை வாங்கிக்கிறேன்னாரு.

— அவசரப்படாதக்கா. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்.

— என்னத்தைப் பார்க்கிறது? முன்னெல்லாம் ஒரு அத்தியாயம் வாசிச்சு இணையத்துல ஏத்தினா மறுநாளே மெயில் குவியும். "அந்தப் பொண்ணு கடைசியில யாரைத்தான் கட்டிக்கிறா, எனக்கு மட்டும் சொல்லிடுங்க"ன்னு கெஞ்சுவாங்க. இப்ப ஒரு ஈ காக்கா எழுதலை. சுவத்துக்கா வாசிக்கச் சொல்ற? அதான் நாவலைப் பாதியிலயே நிறுத்திட்டேன். எனக்கு அழுகையா வருதுடா.

— ஆனா குப்பை மெயிலும் வரலை, கவனிச்சியா? அதுல நம்ம வேலை சுத்தம்.

— பெருமையைப் பாரு இவனுக்கு!

— பின்ன? பரிசு விழுந்திருக்கு, முடி வளர மாத்திரைன்னு நாள் பூரா அழிச்சு அழிச்சு உன் விரலே தேஞ்சுச்சு. பக்கம் பக்கமா மேஞ்சு முகவரி பொறுக்கிற புரோகிராமுங்க இருக்குக்கா. மெயில் முகவரி நடுவுல வர்ற அந்த @ சுழியைப் பார்த்தா போதும், கொத்திக்கிட்டுப் போயிடும். அதான் பழைய மெயில் முகவரியையே மூடிட்டேன். புதுசு ஒண்ணு திறந்து, எழுத்தா போடாம படமா போட்டேன். அதுங்களுக்குப் படத்தைப் படிக்க வராது.

— மனுஷங்களுக்கு வருமில்ல?

— அதென்ன கேள்வி? கண்ணு தெரியற எல்லாருக்கும் வரும்.

— என்ன சொன்ன?

— கண்ணு தெரியற எல்லாருக்கும்... ஐயய்யோ. அக்கா!

— நான் யாருக்குடா வாசிக்கிறேன்? சொல்லு. யாருக்கு?

— கண்ணு தெரியாதவங்களுக்கு.

— எருமை! எருமை மாடே! திருடன் வரக்கூடாதுன்னு கதவுக்குக் குறுக்கே சுவர் எழுப்பிட்டியேடா! உன்னை நம்பி ஒப்படைச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!

— உள்ள வரலாங்களா?

— யாரு? அட, வாங்க, வாங்க! பார்த்து, வாசப்படி ஒண்ணு இருக்கு. தம்பி, அந்த நாற்காலியை இழுத்துப் போடு. கையில என்னங்க இவ்வளவு பூ?

— அதை அப்புறம் சொல்றேங்க. அதாவதுங்க, நான் டெலிபோன் ஆபரேட்டர். நீங்க வாசிக்கிறதை விடாம கேட்கிறவன். பதிவு முடியறப்ப இந்தத் தெருப் பேரைச் சொல்லுவீங்களே, அதை வச்சு விசாரிச்சு வந்தேன்.

— ஒரு மெயில் போட்டிருக்கக் கூடாதா?

— போட்டேங்க. திரும்பி வந்துடுச்சு. உங்க இணையப் பக்கத்துல புது முகவரி இருக்கான்னு பார்த்தா, திரையில இருக்கிற எழுத்தை எனக்கு வாசிச்சுச் சொல்ற போன் "தொடர்புக்கு: படம்"னு சொல்லிட்டு வாயை மூடிக்குது. எங்க குரூப்ல எல்லாருக்கும் இதே கதைதான். நான் ஒருத்தனே அதைப் பத்துத் தடவை தட்டியிருப்பேன். படம், படம், படம்.

— கேட்டியாடா?

— கேட்டேன், கேட்டேன். இந்தா, அதைத்தான் மாத்திட்டிருக்கேன். முகவரியைத் துண்டு துண்டா பிரிச்சு உள்ள ஒளிச்சு வைக்கிறேன். மனுஷன் பக்கத்தைத் திறந்தா தானா ஒண்ணு சேர்ந்து எழுத்தாயிடும். பொறுக்க வர்றதுல முக்காவாசிக்கு அதுவரைக்கும் நிக்கப் பொறுமை கிடையாது.

— மீதி கால்வாசி?

— கொஞ்சம் குப்பை வரும்க்கா.

— வரட்டும்! நானே உக்காந்து அழிக்கிறேன். என் விரல்தானே தேயப்போகுது?

— ஆச்சு. சார், இப்ப உங்க போன்ல தட்டிப் பாருங்க.

— இருங்க... அட! சொல்லுதுங்க! முழுசா, எழுத்தெழுத்தா சொல்லுது!

— அப்பாடா! நெஞ்சுல இருந்த கல்லு இறங்குச்சு. டேய், வயரை வெளிய எடு. கடைக்காரருக்குப் போன் போட்டு, சாவி கிடையாதுன்னு சொல்லு. என் மைக் எங்க?

— உன் மடியிலதான் இருக்கு.

— சரி, சார், இப்பவாவது சொல்லுங்க. ரொம்ப நேரமா வாசல்ல நிழல் தெரிஞ்சுச்சு. யாரோ பக்கத்துக் கடைக்கு வந்தவங்கன்னு விட்டுட்டேன். நீங்கதானா? ஏன் உள்ள வராம நின்னீங்க?

— அதாவதுங்க... கதை பாதியில நின்னுபோச்சு. போட்ட மெயில் திரும்பி வந்துச்சு. எங்களுக்கு வேற என்ன தோணும்? நீங்க போய்ச் சேர்ந்துட்டீங்கன்னு நினைச்சு, எல்லாருமா பேசி என்னைத் துக்கம் விசாரிக்க அனுப்பினாங்க. இந்தப் பூ அதுக்குத்தான்.

— அடக் கடவுளே! அப்ப வாசல்ல என் குரல் கேட்டிருக்குமே?

— கேட்டுச்சுங்க. பழைய பதிவைப் போட்டுட்டு வீட்டாளுங்க அழுதுட்டிருக்காங்கன்னு நினைச்சு, நானும் நின்ன இடத்துலயே கண்ணைத் துடைச்சிட்டிருந்தேன். திடீர்னு "எருமை மாடே"ன்னு கத்துனீங்க பாருங்க, அப்பத்தாங்க எனக்கு உயிரே வந்துச்சு, எந்தப் புத்தகத்துலயும் நீங்க அப்படி வாசிச்சதே இல்லையே!