இரண்டு கணு ஆழம்

காலை ஆறேகாலுக்கு ஊற்றுகிற தண்ணீர்தான் வேருக்குப் போய்ச் சேரும். வெயில் ஏறிவிட்டால் பாதி காற்றோடு போய்விடும்.

ஜன்னலுக்கு வெளியே நீங்கள் பார்த்த புதர் விராலி. இந்த மண்ணில் தானாக முளைக்கிறது. எந்தப் பருவத்திலும் பச்சை மாறாது. அண்ணன் படுத்த படுக்கையானபோது அவன் பார்வைக்கு இருக்கட்டுமே என்று, நான் வேலை செய்யும் செடிப்பண்ணையிலிருந்து ஏழு கன்று கொண்டுவந்து நட்டேன்.

விராலியைக் கெடுப்பது தண்ணீர்தான். முதல் மாதம் தினமும் ஊற்றலாம். பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டினால் ஊற்றக்கூடாது. ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் மேலாகவே சோம்பிக் கிடக்கும். குறைத்தால்தான் ஆழத்துக்கு இறங்கிப் பழகிக்கொள்ளும்.

அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஒரு நாளைக்கு நான்கு விரிப்பு நனையும். எல்லாவற்றையும் துவைத்துப் போட்டுவிட்டுத் தாமதமாக வேலைக்குப் போனால் பண்ணை மேஸ்திரி, "வாங்க மாப்பிள்ளை, இப்பத்தான் விடிஞ்சுதா?" என்பார்.

சாயங்காலத்துக்கு மேல் அண்ணனுக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தினேன். நான்கு விரிப்பு மூன்றானது. மதியத்துக்கு மேல் நிறுத்தினேன். இரண்டானது. தட்டிவிடுவான் என்று சொம்பைக் கை எட்டாத இடத்தில் வைத்தேன்.

அவன் கோபப்படவில்லை. எதையும் கேலியாகப் பேசுகிறவன்.

"ஏன்டா, என்னையும் தொட்டியில நட்டுட்டியா?"

இரண்டு பேரும் சிரித்தோம்.

தினமும் காலையில் அவன் நாக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். ஈரம் தட்டினால் ஊற்றமாட்டேன். புதன்கிழமை வரை முறையாகத்தான் செய்தேன்.

வியாழக்கிழமை விரல் காய்ந்தே வந்தது. அன்று விரிப்பும் நனையவில்லை. வெள்ளியும் நனையவில்லை. நேரத்துக்கு வேலைக்குப் போனேன். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. சொம்பு அலமாரி மேல் நிறைந்தே இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான். கொடுக்கவில்லை. அவனைக் கொன்றது நான்தான். அப்படியே வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவன் பழகிக்கொள்வான் என்று உண்மையிலேயே நம்பினேன்.

அவன் கடைசியாகப் பேசியது ஞாயிற்றுக்கிழமை. அன்று விராலிக்கு வாரத் தண்ணீர். ஆறேகாலுக்குக் குழாயைத் திறந்தேன். சத்தம் கேட்டு அண்ணன் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினான். குரல் தேய்ந்துதான் வந்தது.

"இன்னைக்கு என் முறையாடா?"