கல்லில்லா மடை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, நம்ம பூவனேந்தல் கம்மாயில ஒரு ராசா கல்லு நட்டாராம். மடைக்குப் பக்கத்துல, ஆளுயரக் கல்லு. 'மாசம் நாலு நாள் தண்ணி கீழ்க்கரைக்கு'ன்னு அதுல வெட்டியிருந்துச்சாம். அந்த ராசா போனாரு. சுல்தான் படை வந்துச்சு, போச்சு. நாயக்கமாரு வந்தாக, போனாக. கும்பினிக்காரன் வந்தான். யாரு வந்தாலும் அந்த நாலு நாள் தண்ணி மட்டும் நிக்கலையாம்.

வெள்ளைக்காரன் காலத்துல ஒரு ஜமீன் வந்து கீழ்க்கரை மடையை அடைச்சுட்டாரு. அப்ப கீழ்க்கரையில இருளாயின்னு ஒருத்தி, எங்க பூட்டிக்கும் மூத்தவ. புருசன் செத்தபிறகு மடை தொறக்கிற வேலையை அவதான் பாத்தாளாம். பன்னெண்டு மைலு நடந்து துரை கச்சேரிக்கு, அதான் வெள்ளைக்கார அதிகாரியோட ஆபீசுக்குப் போனா. எழுத்து இருக்கான்னு கேட்டாக. கல்லுல இருக்குன்னா. படிச்சு நகல் கொண்டான்னாக. அந்தப் பழைய எழுத்தைப் படிக்க ஊருல ஆளில்ல. வாசகம் மட்டும் வாய்வழியா எல்லாருக்கும் தெரியும். மறுபடி நடந்தா. துரை முகாம் போயிட்டாரு. மறுபடி நடந்தா. வந்து பாக்குறோம்னாக. வரல. பயிரு கருகிக்கிட்டு வருது.

ஆத்திரம் தாங்கல அவளுக்கு. கல்லைத் தோண்டி, வண்டியில ஏத்தி, கச்சேரி வாசல்ல இறக்கிட்டாளாம்.

"நான் நடந்தது போதும். கல்லே வந்துருச்சு. படிங்க."

படிக்கத் தெரிஞ்ச பண்டிதரு வர மூணு மாசம். அதுக்குள்ள பயிரு போச்சு. அவரு படிச்சாரு. அவ சொன்னது அப்படியே இருந்துச்சாம். துரை தலையாட்டிட்டுச் சொன்னாராம்:

"கல்லு சரி. ஆனா இது கச்சேரி வாசல்ல கெடக்கு. உங்க கம்மாயில நின்ன கல்லுதான்னு என்ன ருசு?"

அவ வீட்டுக்குப் போகாம நேரா மடைக்கு வந்து பலகையைப் பிடுங்கிட்டா. யாரைக் கேட்டுத் தொறந்தேன்னு ஜமீன் ஆளு அதட்டினான்.

"கேட்டாச்சு. இனிமே கேக்கப்போறதில்ல."

ஆறு மாசம் செயில்ல போட்டாக. வந்தா, திரும்பத் தொறந்தா. திரும்பப் போட்டாக. திரும்ப வந்து தொறந்தா. ஜமீனுக்கே சலிச்சுப் போச்சாம்.

ஜமீன் ஒழிஞ்சது, வெள்ளைக்காரனும் போனான், நம்ம சர்க்காரும் வந்துச்சு. கல்லு அந்த ஆபீசு வாசல்லயேதான் கெடக்கு. நாங்களும் மனு மேல மனு போடுறோம். உங்க ஊருக் கல்லுதான்னு ஆதாரம் கொண்டாங்கங்கிறாக. என்னத்தச் சொல்ல.

அதான் இன்னைக்கும், எந்த உத்தரவுக்கும் காத்திராம, கீழ்க்கரைப் பொம்பளை ஒருத்தி கல்லு நின்ன குழியில எறங்கி நின்னு, அந்த வாசகத்தை வாயாலயே சொல்லிட்டுப் பலகையைத் தூக்குறா. கல்லில்லா மடைன்னு பேரானது அப்படித்தான்.