கடமலைக்குண்டுக்கு ஒரு பார்சல்

ஜான்சி: ...அந்த டேப்ப இங்கன தள்ளுங்க. அதில்ல, அகல டேப்பு. கத்திரிய எங்கன வச்சீக?

வினோத்ராஜ்: உன் மடியிலதான் கெடக்கு. எந்த ஊருக்கு இந்தப் பார்சலு?

ஜான்சி: வேற எந்த ஊரு? கடமலைக்குண்டுதான்.

வினோத்ராஜ்: அட... மறுபடியுமா?

ஜான்சி: என்னமோ புதுசா கேக்குற மாதிரி கேக்குறீக.

வினோத்ராஜ்: சந்தோசத்துல கேட்டேன். ஆன்லைன்ல படம் போட்டா எவன் வாங்குவான்னு எங்கண்ணன் சிரிச்சாருல்ல? இப்ப வந்து பாக்கச் சொல்லு.

ஜான்சி: அவரு சிரிச்சதுல என்ன தப்பு? கல்யாணத்தப் படம் எடுக்குறது நீங்க. முடிஞ்சதும் லிங்க் அனுப்பி பிரிண்ட் விக்கிறது நான். சொந்தபந்தம் பூராவும் உள்ள போயிப் பாக்குறாக. பிடிச்ச படத்துல ஒரு தட்டுத் தட்டுனா வீடு தேடிப் போயிரும். தட்டுறாகளா? ஸ்டூடியோ பேரு குறுக்க ஓடுற படத்த ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்படியே ஸ்டேட்டஸ்ல வச்சுர்றாக.

வினோத்ராஜ்: அதுவும் விளம்பரந்தான.

ஜான்சி: ஆமா, விளம்பரத்த வடிச்சுத் திம்போம். ஆரம்பிச்சதுலருந்து தட்டுனது ஒரே கை. அம்மாவாசி, டீக்கடை, கடமலைக்குண்டு.

வினோத்ராஜ்: நல்ல ரசனக்காரன் போல.

ஜான்சி: போடி சர்ச் கல்யாணத்துலயும் படம் வாங்குறாரு. கோம்பைக் கல்யாணத்துலயும் வாங்குறாரு. உத்தமபாளையத்து நிக்காவையும் விடல. எல்லா வீட்டுக்கும் சொந்தக்காரரா அவரு?

வினோத்ராஜ்: டீக்கடைக்காரன்ல... நாலு ஊரு சனம் வந்து போகும்.

ஜான்சி: நாலு ஊரு சனமும் டீயக் குடிச்சுட்டு, அவுக வீட்டுக் கல்யாண லிங்க்கோட பாஸ்வேர்டயும் சொல்லிட்டுப் போகுமாக்கும்?

வினோத்ராஜ்: ஏ... வாங்குறவுகள இப்படிக் குடையக் கூடாது ஜான்சி. ஓடிப் போயிருவாக.

ஜான்சி: நல்லாச் சொன்னீக, போங்க.

வினோத்ராஜ்: அது கெடக்கட்டும்... ஆடி பொறக்கப் போகுது.

ஜான்சி: ஆமா. கல்யாணம் இருக்காது. கேமராவத் தொடச்சு வைங்க.

வினோத்ராஜ்: அதச் சொல்லல. தை மாசம் நீ ஒண்ணு சொன்னியே...

ஜான்சி: என்னத்தச் சொன்னேன்?

வினோத்ராஜ்: தெரியாத மாதிரி கேக்காத. ஆடி வரைக்கும் பாப்பேன், ஆர்டர் வரலன்னா இத மூடிட்டு கோயம்புத்தூர் ஆல்பம் கம்பெனிக்கே திரும்பிப் போறேன், ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போறேன்னு...

ஜான்சி: பரவால்லியே. நேத்து வாங்கியாரச் சொன்ன பாலு ஞாபகமில்ல, தையில சொன்னது மனப்பாடமா இருக்கு.

வினோத்ராஜ்: வெளையாடாத. ஆர்டர்தான் வருதுல்ல? அப்பப் போக மாட்டல்ல?

ஜான்சி: இந்த மூலையப் பிடிங்க, மடிக்கணும்.

வினோத்ராஜ்: பதிலச் சொல்லு மொதல்ல.

ஜான்சி: மொதல்ல பிடிங்க. ...ஆமா, இது யாருக்குன்னு நீங்க கேக்கவே இல்லியே?

வினோத்ராஜ்: அம்மாவாசிக்குத்தான?

ஜான்சி: இல்ல.

வினோத்ராஜ்: இல்லியா? கடமலைக்குண்டுன்ன...

ஜான்சி: கடமலைக்குண்டுதான். ஆனா இது சந்தனம்மாள்னு ஒரு அக்காவுக்கு. காலைல போன் பண்ணுனாக.

வினோத்ராஜ்: சந்தனம்மாளா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே...

ஜான்சி: நீங்க எதுக்குத் தெரிஞ்சிருக்கணும்? அம்மாவாசியத் தெரியுமா?

வினோத்ராஜ்: அவனயும் தெரியாது! சும்மா சொன்னேன். என்ன படம் கேட்டாக?

ஜான்சி: வீரபாண்டிக் கல்யாணத்துல, மாப்பிள்ள ஊர்வலத்த விட்டுட்டு நீங்க சமையக்கட்டுப் பக்கம் போயி நின்னீகளே. ஒரு அம்மா அண்டாவுக்குள்ள பாதி உடம்ப விட்டுத் தேச்சுக்கிட்டே திரும்பிச் சிரிச்சாகல்ல...

வினோத்ராஜ்: ஆமா! கூரை ஓட்டை வழியா வெயிலு விழுந்து, சாம்பார் ஆவி அப்படியே மேல போகும். அது நல்ல படம் ஜான்சி.

ஜான்சி: அவுக அந்தக்காவோட அம்மாவாம். முருகம்மாள்னு பேரு. ஊரூராப் பந்தி வேலைக்குப் போறவுக. பங்குனியில தவறிட்டாகளாம்.

வினோத்ராஜ்: அய்யய்யோ...

ஜான்சி: வீட்டுல ஒரு படங்கூட இல்லியாம். ஆதார் கார்டுல இருக்குறது எங்கம்மாவே இல்ல தாயி, யாரோ மாதிரி இருக்குன்னாக. நேத்து டீ வாங்கப் போன எடத்துல, செவத்துல அம்மா சிரிச்சுக்கிட்டு இருந்தாகளாம். தூக்குவாளியக் கீழ போட்டுட்டு அங்கனயே உக்காந்து அழுதிருக்காக. படத்துக்குப் பின்னால நம்ம நம்பர் இருக்கவும்...

வினோத்ராஜ்: செவத்துலயா? மாட்டிட்டானா? ஏலே அம்மாவாசி... எவன் கண்ணுலயும் படக் கூடாது, பரண்ல போட்டு வையிடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா!

ஜான்சி: ம். சொல்லுங்க. ஏன் நிறுத்திட்டீக?

வினோத்ராஜ்: ஜான்சி...

ஜான்சி: கடைச் செவரு பூராவும் நம்ம படந்தானாம். காலண்டர் மாட்ட எடமில்லன்னு அந்தக்கா சொன்னாக. நல்லாத்தான் மாட்டியிருக்காரு உங்களுக்குத் தெரியாத அம்மாவாசி.

வினோத்ராஜ்: என்கூட ஐடிஐ படிச்சவன். நான் சொல்லச் சொல்ல அவன் போன்ல தட்டுவான். பொண்டாட்டிக்குப் பயந்த பயலேன்னு வைவான்... வஞ்சுக்கிட்டே தட்டுவான்.

ஜான்சி: பயமா? எதுக்குப் பயம்?

வினோத்ராஜ்: நீ போயிருவியோங்கிற பயம்தான், வேறென்ன? காலைல எந்திரிச்சதும் போனத் தொறந்து ஆர்டர் வந்துருக்கான்னு பாப்ப. ஒண்ணும் இருக்காது. மூஞ்சி சப்புன்னு போயிரும். என்னால அதப் பாக்க முடியல. ஒண்ணே ஒண்ணு போடுவோம்னுதான் போட்டேன். அன்னைக்கு நீ சிரிச்ச சிரிப்பப் பாத்ததுக்கப்புறம்... எப்படிப் புள்ள நிறுத்துறது?

ஜான்சி: திருடத் தெரியுது, தடயத்த அழிக்கத் தெரியலியே.

வினோத்ராஜ்: என்ன தடயம்? பேரு அவன் பேரு, போன் அவன் போனு...

ஜான்சி: மேட் பேப்பர்.

வினோத்ராஜ்: என்னது?

ஜான்சி: மேட் பேப்பர், சுத்தி வெள்ள பார்டர். நம்ம பக்கம் உங்களத் தவிர எவுக மேட் கேட்டிருக்காக? பளபளன்னு இல்லன்னா, என்ன தம்பி நரைச்சுப் போன படத்தக் குடுத்துட்டன்னு சண்டைக்கு வருவாக.

வினோத்ராஜ்: அட ஆண்டவரே...

ஜான்சி: அதோட, வாங்குறவுக அவுகவுக முகத்தத்தான் வாங்குவாக. கண்ணு மூடியிருந்தாலும் பட்டுச்சேல தெரிஞ்சாப் போதும். உங்க அம்மாவாசி வெளிச்சத்தப் பாத்துல்ல வாங்குறாரு!

வினோத்ராஜ்: எப்பருந்து தெரியும் உனக்கு?

ஜான்சி: மொத ஆர்டருலருந்தே.

வினோத்ராஜ்: மொதல்லருந்தேவா!

ஜான்சி: சின்னமனூர் சங்கரலிங்கம் அண்ணாச்சி, மக மேடைக்குப் போறதுக்கு முன்னால, ஜன்னலப் பாத்து முதுகு காட்டி நின்னு கண்ணத் தொடைச்சாரே. மூஞ்சி தெரியல, தூக்குங்கன்னு அவுக வீட்டுலயே ஆல்பத்துலருந்து எடுக்கச் சொன்ன படம். அன்னைக்கு நீங்க சோறு திங்கல. யாரோ ஒரு பொண்ணோட அப்பா முதுக, கடமலைக்குண்டு டீக்கடைக்காரரு எதுக்குங்க வாங்கப் போறாரு?

வினோத்ராஜ்: அப்பவே கேட்டுத் தொலைக்க வேண்டியதுதான?

ஜான்சி: கேட்டா நிறுத்திருவீக. எல்லாரும் போன்லயே எடுத்துக்கிறாக, நம்ம படம் யாருக்கு வேணும்னு கேமராவப் பையிலருந்து எடுக்காமச் சுத்துனீக. அம்மாவாசிக்குப் படம் தேடுற சாக்குலதான் பழைய கல்யாணத்தயெல்லாம் தொறந்து பாத்தீக. 'நல்லாத்தான் எடுத்திருக்கேன்ல'ன்னு உங்களுக்குள்ளயே பேசிக்கிட்டீக. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். எனக்கு அது அம்புட்டுப் பிடிச்சிருந்துச்சு.

வினோத்ராஜ்: ...சந்தனம்மாள்கிட்ட காசு வாங்காத ஜான்சி.

ஜான்சி: நானும் அதான் சொன்னேன். ஓசியில வேண்டாம் தாயி, எங்கம்மாவ நான் வெல குடுத்துத்தான் கூட்டிட்டு வருவேன்னுட்டாக. பளபளன்னு போடுங்க, பெருசாப் போடுங்கன்னாக.

வினோத்ராஜ்: அப்ப இது ஒண்ணுதான் நெசமான ஆர்டரு.

ஜான்சி: இது ஒண்ணுதான்.

வினோத்ராஜ்: மத்ததெல்லாம் நான் போட்டது. சொன்ன சொல்லுப்படி பாத்தா, நீ தாராளமாக் கோயம்புத்தூர் போகலாம். நான் மறிக்க மாட்டேன். பெட்டி கட்டித் தாரேன்... நானே வந்து பஸ் ஏத்தி விடுறேன்... ஞாயித்துக்கிழமை நீ வரலன்னாலும் நான் வாரேன்...

ஜான்சி: அழுகாதீக. பார்சல் நனையுது.

வினோத்ராஜ்: எவன் அழுகுறான்? கம்பெனிக்காரவுககிட்ட என்ன சொல்லியிருக்க? அத மட்டும் சொல்லு.

ஜான்சி: வரலன்னு சொல்லி மாசக்கணக்காச்சு. அண்ணாச்சி முதுகப் பேக் பண்ணி, அம்மாவாசின்னு பேரெழுதி ஒட்டுன கையோட அவுகளுக்குப் போன் போட்டேன். எங்க வீட்டுக்காரர விட்டுட்டு என்னால இருக்க முடியாது சார், வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டேன்.